கால் ஆடாத அரை நிமிடம்

ஹெலிகாப்டர் ஓட்டுகிறவனுக்குக் காலைச் சும்மா வைத்திருக்கத் தெரிய வேண்டும். கைக்கு வேலை உண்டு, கண்ணுக்கு வேலை உண்டு, காதில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். கால் மட்டும் இரண்டு பெடல்மேல், தூங்குகிற குழந்தை மேல் கை வைத்த மாதிரி, இருந்தும் இல்லாமல் இருக்க வேண்டும். இடது பெடலை லேசாக அழுத்தினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். வலதை அழுத்தினால் வலப்பக்கம். அவ்வளவுதான் சங்கதி. யார் வேண்டுமானாலும் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம், ஆரணியில் பட்டுத்தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு வளர்ந்தவனைத் தவிர.

எங்கள் வீட்டில் தறிதான் பெரிய ஆள். கூடத்தில் முக்கால்வாசி அதற்கு, மிச்சம் எங்களுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குழியில் இறங்குவேன். இடது மிதி, இழையோடு நாடா ஓடும், ஒரு தட்டு. வலது மிதி, நாடா திரும்பும், ஒரு தட்டு. இப்படி ஏழெட்டு வருடம் மிதித்ததில் என் கால்களுக்குத் தனியாக ஒரு மூளை முளைத்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் எனக்குத் தெரிவதற்கு முன்னால் கால்களுக்குத் தெரிந்துவிடும். உடனே நெய்ய ஆரம்பித்துவிடும். கணக்கு வாத்தியார் என் பக்கம் திரும்பினால் பெஞ்சுக்கு அடியில் அரை முழம் போயிருக்கும். பொதுத்தேர்வில் இயற்பியல் தாள் அன்று ஒரு கல்யாணப் புடவையே முடிந்திருக்கும்.

இந்த லட்சணத்தில் விமானப்படைக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். வீம்புதான். வேறு காரணம் எதுவும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்லூரி முடித்த வருடம், பேப்பரில் வந்த விளம்பரத்தை அப்பாவிடம் காட்டினேன். தறிக்குப் புதுப் பாவு இழைகளைப் பிணைக்க வந்திருந்த நாலு பேர் அப்போது கூடத்தில் இருந்தார்கள். அப்பா விளம்பரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"பஸ்ல வந்தவாசி போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு வாட்டி வாந்தி எடுப்பான். இவன் ஏரோப்ளேன் ஓட்டப் போறானாம்."

நாலு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இழையைப் பார்த்து, மறுபடியும் சிரித்தார். அந்த இரண்டாவது சிரிப்புதான் என்னை அதிகாரியாக்கியது. தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, பயிற்சி எல்லாவற்றையும் அந்த ஆளின் வாயை மூடுவதற்காகவே முடித்தேன். கால்கள் மட்டும் வழிக்கு வரவில்லை. பயிற்சியில் முதல் முறை ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தச் சொன்னார்கள். தூக்கினேன். பயம் வந்தது. இடது மிதி, வலது மிதி, இடது மிதி, வலது மிதி. மைதானத்தின் நடுவில் அந்த யந்திரம் பிஸ்கட்டைப் பார்த்த நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பயிற்சியாளர் கட்டுப்பாட்டைப் பிடுங்கிக் கீழே இறக்கிவிட்டு, நீ இதற்கு முன் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். "அதை மறந்துவிடு" என்றார். மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பத்து வருடம் அந்தப் பொய்யின் மேல்தான் பறந்தேன்.

இந்தப் பொய்யைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டே பேர். முதல் ஆள் என் மனைவி. பெண் பார்க்கப் போன அன்று, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை வீரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் தறிக்காரி, ஐந்து வயதிலிருந்து குழியில் கால் விட்டவள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை, நாற்காலிக்குக் கீழே பார்த்தாள். உள்ளே போய்த் தன் சித்தியிடம் அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மாப்ளைக்கு இன்னும் எத்தினி முழம் பாக்கி கீதுன்னு கேளுங்க சித்தி."

இரண்டாவது ஆள் தெள்ளார்ப் பக்கத்துக்காரர். அவரைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் என்னை லடாக்கில் ஒரு தளத்துக்கு அனுப்பினார்கள். மனைவி ஆரணியில் எங்கள் வீட்டில் இருந்தாள், என் பழைய தறியில் அவள் நெய்துகொண்டிருந்தாள். நான் போன இடத்தில் மரம் கிடையாது, புல் கிடையாது, மூச்சுவிடக் காற்றே அளந்துதான் கிடைக்கும். படுக்கையிலிருந்து எழுந்து காலுறை போட்டால் கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாற வேண்டும். அப்புறம்தான் அடுத்த காலுறை.

அங்கே ஒரு நாள் என்பது விடியலில் ஆரம்பித்து மதியத்தில் முடிந்துவிடும். நடுப்பகலுக்கு மேல் மலைக் காற்று எழும்பிவிடும், பறக்க முடியாது. ஆகவே விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவோம். பற்பசை குழாய்க்குள் கல்லாகியிருக்கும். அதை அக்குளில் வைத்து இளக்கி, பல் தேய்த்து, மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி நின்று டீ குடித்து, டாக்டரிடம் போய்க் கையை நீட்டுவோம். பறப்பதற்கு முன் தினமும் அவர் நாடி பிடித்துப் பார்ப்பார். என் நாடி எப்போதும் ஆரணி பஸ் ஸ்டாண்டு மாதிரி இரைச்சலாகத்தான் இருக்கும். "ஓடி வந்தீர்களா?" என்று கேட்பார். "ஆமாம் டாக்டர், உடற்பயிற்சி" என்பேன். அந்தத் தளத்திலேயே மிகவும் கடுமையாக உடற்பயிற்சி செய்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. நான் செய்த ஒரே பயிற்சி கட்டிலிலிருந்து கதவுவரை நடந்ததுதான்.

முதல் வெளிச்சத்தில் இரண்டு சின்ன ஹெலிகாப்டர்கள் சேர்ந்து கிளம்பும். ஒவ்வொன்றிலும் இரண்டு விமானிகள். பனிமலை முகடுகளில் ராணுவக் காவல் நிலைகள் இருந்தன. அங்கே இருப்பவர்களுக்கு மண்ணெண்ணெய், மருந்து, முட்டை, கடிதம் எல்லாம் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். காற்று அவ்வளவு மெல்லிசாக இருப்பதால் ஒரு நடைக்கு மூன்று மண்ணெண்ணெய் டின், ஒரு தபால் மூட்டை, அதற்கு மேல் யந்திரம் தூக்காது. மூன்று நடை, நாலு நடை போவோம். இறங்குகிற இடம் என்பது பனியை மிதித்துக் கெட்டியாக்கிய ஒரு திட்டு. சிலது ஒரு கல்யாணப் பந்திப் பாய் அகலம் இருக்கும். அங்கே முழுசாக இறங்க முடியாது. அடிக்கம்பிகள் பனியைத் தொட்டும் தொடாமலும் அந்தரத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். கீழே நிற்கிற சிப்பாய் ஓடிவந்து, கதவைத் திறந்து, டின்களை இழுத்துப் போட்டு, தபாலை வாங்கி, அவர்கள் எழுதின கடிதங்களைக் கொடுத்து, கதவைச் சாத்துவான். அரை நிமிடம். அந்த அரை நிமிடமும் கால் ஆடக் கூடாது. ஆடினால் வால் ஆடும். வாலில் சுழல்கிற காத்தாடி ஒரு மனிதனின் தலை உயரத்தில்தான் இருக்கும்.

மதியத்துக்கு மேல் வேலை கிடையாது. கேரம் விளையாடுவோம், டின்னில் அடைத்த அன்னாசியைத் தின்போம், வெடித்த உதட்டுக்கு நெய் தடவுவோம், குளிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்று பெருமையடித்துக்கொள்வோம்.

தெள்ளார்க்காரர் அங்கேதான் கிடைத்தார். சர்ஜென்ட், யந்திரப் பராமரிப்பு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஞாயிறு தவறாமல் கோயிலில் பாட்டுப் பாடுகிற கிறிஸ்தவக் குடும்பம். நட்டு முடுக்கும்போதுகூட மூக்கால் ஞானப்பாட்டு பாடிக்கொண்டே முடுக்குவார். மற்றவர்கள் இருக்கும்போது நான் அவருக்கு சார். யாரும் இல்லாதபோது அவர் எனக்கு அண்ணன். ஒரு நாள் காலை, பெடலில் ஒட்டியிருக்கும் ரப்பரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நடுவில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"சார், மத்த மெஷின்ல எல்லாம் இந்த ரப்பரு புத்தம்புதுசா கீது. நீங்க ஓட்ற மெஷின்ல மட்டும் இப்டி தேஞ்சிகினு வருது. மேல போய் இன்னா சார் பண்றீங்க, மாவு ஆட்றீங்களா?"

"மட்டமான ரப்பரா இருக்கும்ணே."

"ரப்பரா?" அவர் என் பூட்ஸைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே என் வலது குதிகால் எழும்பி எழும்பித் தணிந்துகொண்டிருந்தது. "எங்க ஊட்டாண்ட கைத்தறிக்காரங்க நெறைய பேர் கீறாங்க சார். எனக்குத் தெரியாதா?"

யாரிடமும் சொல்லவில்லை அவர். ரப்பரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

ஒரு காலை அது நடந்தது. எல்லாவற்றிலும் சின்னத் திட்டு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மற்ற மூன்று பக்கமும் ஒன்றுமே இல்லை. பக்கத்து இருக்கையில் எங்கள் கமாண்டர். பஞ்சாப்காரர், அதிகம் பேசாதவர், பேசினால் இந்தியில் பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார். நான்தான் ஓட்டினேன். திட்டுக்கு மேல் வந்து நிறுத்தினேன். ஒரு சிப்பாய் முழங்காலிட்டுக் காத்துக்கொண்டிருந்தான். பாறையில் மோதித் திரும்பின காற்று ஒரு தள்ளு தள்ளியது. அவ்வளவுதான். இடது மிதி, வலது மிதி, இடது மிதி. மூக்கு பாறைப் பக்கம் போனது, திரும்பியது, மறுபடி போனது. வால் எதிர்ப்பக்கம் வீசியது. எழுந்து வந்துகொண்டிருந்த சிப்பாய் முகம் குப்புறப் பனியில் விழுந்தான். வால் அவன் இருந்த இடத்துக்கு மேலே போய்விட்டு வந்தது. கமாண்டர் கட்டுப்பாட்டை வாங்கி விலக்கிக்கொண்டு போய்விட்டார். டின்கள் எங்களோடே திரும்பின.

அவன் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தேன். மீசை முழுக்கப் பனி. அடி எதுவும் படவில்லை. ஆனால் அவன் கையை ஊன்றி நிமிர்ந்து எங்களைப் பார்த்த பார்வையில், டின் கொண்டுவருகிற ஆளை விட டின் இல்லாமல் இருப்பதே மேல் என்பது தெளிவாக இருந்தது.

தளத்தில் இறங்கியதும் கமாண்டர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னார். "பத்து நாள். துணை விமானியாக மட்டும் போ. காலைப் பெடலில் வைக்காதே. பதினோராவது நாள் நான் உன்னோடு வருவேன். அதே திட்டு. அன்றைக்கும் சரியில்லை என்றால்..." நிறுத்திவிட்டார். மிச்சம் எனக்குத் தெரியும். சமவெளியில் ஒரு அலுவலகம், ஒரு மேஜை, மேஜைக்கு அடியில் வேண்டிய மட்டும் ஆட்டிக்கொள்ள இடம்.

நியாயமாகப் பார்த்தால் அன்றே நானாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சிப்பாயின் தலை என் வீம்பைவிடப் பெரியது. இதை நான் யோசிக்காமல் இல்லை, இரண்டு நாள் யோசித்தேன். சிரிப்புக்குப் பேர் போன நான் அந்த இரண்டு நாளும் கேரம் பலகை பக்கமே போகவில்லை. பதினோராவது நாள் வால் ஒரு தடவை மோசமாக வீசினாலும் அங்கேயே, அந்தரத்திலேயே, நானே கையைத் தூக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் விடுவதில்லை.

ஞாயிறு அன்று தொலைபேசியில் என் முறை வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் போகிற தொலைபேசி. நாம் சொன்னது ஆரணிக்குப் போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும், பதில் வர இன்னொரு மூச்சு. சண்டை போடுவதற்கு ஏற்ற சாதனம் இல்லை. அப்பா எடுத்தார். நான் எதையும் வெளியில் விடாமல், கால் கொஞ்சம் தொல்லை கொடுக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"கண்ணு, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. ஒடம்பு சரியில்லன்னு எழுதிக் குட்த்துட்டு வந்துடு. பயந்துட்டன்னு யாரும் சொல்லமாட்டாங்க. சொன்னா நான் பாத்துக்கறேன். ஊர்ல கௌரவமாவே சொல்லிக்கலாம்."

அப்பா என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பத்து வருடமாக அவர் என் தோல்விக்கு ஒரு கௌரவமான வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"நான் வரமாட்டேம்பா" என்றேன். என் குரல் அங்கே போய்ச் சேர்வதற்குள் மனைவி ரிசீவரை வாங்கிவிட்டாள்.

"இன்னாங்க, மறுபடியும் நெய்ய ஆரம்பிச்சிட்டீங்களா?"

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

"வெளிய போய்ட்டாரு. சொல்லுங்க. யாருக்காவது அடி பட்டுதா?"

"பட்டிருக்கும். படல."

கொஞ்ச நேரம் ரிசீவருக்குள் காற்று இரைந்தது. தொலைபேசியின் தாமதமா, அவளுடைய தாமதமா தெரியவில்லை.

"கால ஆட்டாத ஆட்டாதன்னு அத்த அடக்கிகினு கீறீங்க, அதான?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? மறந்துடுன்னு சொல்லிட்டாங்க."

"சொன்னவரு தறிய பாத்துக்கீறாரா? கால் எங்கனா மறக்குமா? அதுக்கு வேல குடுக்கலன்னா அது பாட்டுக்கு ஓடிகினுதான் இருக்கும். நீங்க பூ இல்லாத வெறும் சாதா ஒடம்பே நெய்றீங்க. எடது வலது எடது வலது. புட்டா போடுங்களேன்."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"புட்டா போட சொல்ல மிதிய அழுத்தி அப்டியே புடிச்சிகினு இருப்பீங்கல்ல? கால் ஆடுமா அப்போ? ஆடுச்சின்னா பூ போச்சி. ஒரு நாளாவது உங்க கால் அப்போ ஆடிக்கீதா? அப்பாரு பின்னால நின்னு கத்திகினு கீறப்பவே ஆடினதில்லயாமே. ஊரெல்லாம் உங்கள பயந்தாங்கொள்ளின்னுது, ஆனா உங்க புட்டா சுத்தம்னு எங்கூட்டு வரைக்கும் பேச்சு. அத்த நம்பித்தான நானே சம்மதிச்சேன்."

"அத்த நம்பியா? நான் மூஞ்சின்னு நெனச்சேன்."

"மூஞ்சிய யாரு பாத்தா? ஜல்தி வெய்ங்க, பின்னால ஆளுங்க நின்னுகினு இருப்பாங்க."

புட்டா என்பது புடவை உடம்பில் அங்கங்கே வருகிற சின்ன ஜரிகைப் பூ. பூ வருகிற வரியில் மிதியை அழுத்தினால், பூவுக்கு வேண்டிய இழைகள் மட்டும் மேலே எழும்பி நிற்கும். எங்கள் தறியில் அகலத்துக்குப் பதினோரு பூ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சின்னக் குச்சியில் ஜரிகை சுற்றி வைத்திருக்கும். ஒவ்வொரு குச்சியாக எடுத்து நுழைத்துப் பதினொன்றும் முடிகிறவரை மிதியில் இருக்கிற கால் இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது. அவள் சொன்னது சரிதான். அந்த நேரத்தில் என் கால் ஒரு நாளும் ஆடினதில்லை. நானே கவனிக்காத விஷயம்.

மறுநாள் மதியம் தெள்ளார்க்காரர் சரக்குப் பெட்டியின் பலகை இரண்டை எடுத்து, நடுவில் ஓர் உருளை வைத்து, ஒன்று இறங்கினால் மற்றது ஏறுகிற மாதிரி கட்டிக் கொடுத்தார். என் கட்டிலுக்குக் கீழே அதைப் போட்டுக் காலை வைத்து உட்கார்ந்தேன். கண்ணை மூடி முதல் குச்சியை எடுத்தேன், நுழைத்தேன், இரண்டாவது. கால் நின்றது. அவர் பின்னால் வந்து திடீரென்று ஒரு டின்னைக் கீழே போட்டார். கால் துள்ளியது.

"பூ போச்சா சார்?"

"போச்சு."

"மறுபடியும் மொதல்லேர்ந்து."

எட்டு நாள், தினமும் மதியம், என் தலைக்குப் பின்னால் அவர் டின் போட்டார், தட்டு போட்டார், காதில் ஐஸ் போட்டார், ஒரு தடவை 'கமாண்டர் வர்றார்' என்று கத்தினார். அவர் பொய்யாகக் கத்தினார் என்று நினைத்து நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கமாண்டர் நிஜமாகவே கதவில் நின்றுகொண்டிருந்தார். கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்து, காலைப் பலகையில் வைத்து, கையால் காற்றிலிருந்து எதையோ எடுத்து எதற்குள்ளோ நுழைத்துக்கொண்டிருக்கிற ஒரு அதிகாரியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை டாக்டர் வந்து என்னிடம் ரொம்பக் கனிவாகப் பேசினார்.

பதினோராவது நாள் காலை டாக்டர் என் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி பிடித்தார். "உடற்பயிற்சி" என்றேன். கையெழுத்துப் போட்டார். நானும் கமாண்டரும் ஏறினோம். தெள்ளார்க்காரர் என் பக்கத்துக் கதவைச் சாத்தும்போது உதட்டை அசைத்தார். ஜெபமா, வசவா, கேட்கவில்லை.

திட்டு தெரிந்தது. பாறைச் சுவர் தெரிந்தது. சிப்பாயைக் காணவில்லை. இன்னும் நெருங்கியதும்தான் பார்த்தேன். திட்டின் ஓரத்தில் பனியைத் தோண்டி ஒரு குழி. குழிக்குள் இறங்கிக் குந்தியபடி ஓர் ஆள், கண்ணும் மீசையும் மட்டும் வெளியே. அதே மீசை. எனக்காகவே வெட்டின குழி. வேறு எந்த விமானிக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

நிறுத்தினேன். அடிக்கம்பி பனியைத் தொட்டது. காத்துக்கொண்டிருந்த மாதிரி பாறையிலிருந்து காற்று திரும்பி வந்து தள்ளியது. இடது மிதி. வலது மிதி. இரண்டு மிதி போய்விட்டது. மூக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு முழம் போய்வந்தது. குழியில் இருந்த தலை உள்ளே போய்விட்டது. கமாண்டரின் கை கட்டுப்பாட்டுக்கு வருவதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். என் கையைத் தூக்க வேண்டிய இடம் இதுதானா? ஒரு முழம். மோசமான வீச்சு இல்லை. இன்னொன்று வந்தால் தூக்கிவிடலாம்.

'பூ போடுடா' என்றேன் காலிடம், தமிழில், வாய்விட்டு. மைக் வழியாகக் கமாண்டர் காதிலும் அது போனது.

முதல் குச்சி. நுழைத்தேன். இரண்டாவது. காற்று மறுபடி வந்தது. கால் நடுங்கியது, இறங்கவில்லை. வேண்டிய அளவு மட்டும், ஒரு இழை அளவு, அழுத்திக் கொடுத்தது. மூன்று. நாலு. மூக்கு நேராக நின்றது. உடம்பு முழுக்கப் பயம் இருந்தது. பயம் எங்கேயும் போய்விடவில்லை. கால் மட்டும் அதன் பேச்சைக் கேட்கவில்லை.

ஐந்து. ஆறு. குழியில் அசைவே இல்லை.

"அவன் வரமாட்டான்" என்றார் கமாண்டர் காதுக்குள். "எடு."

"வருவான் சார்."

"எடு என்றேன்."

"கொஞ்சம் இருங்க சார். வருவான்."

அவரிடம் யாரும் அப்படிப் பேசினதில்லை. நான் பேசுவேன் என்று நானும் நினைத்ததில்லை. அவர் கை கட்டுப்பாட்டுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. தொடவில்லை.

ஏழு. மீசை தெரிந்தது. எட்டு. குழி விளிம்பில் இரண்டு முழங்கை. அவன் என்னைப் பார்க்கவில்லை, வாலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது. முழங்காலில் தவழ்ந்து வெளியே வந்தான். பத்து. நின்றான். வால் அப்படியே நின்றது. பதினொன்று முடிகிறபோது குனிந்து ஓடிவந்து கதவைத் திறந்தான்.

பதினோரு பூவும் முடிந்துவிட்டது! வரி முடிந்தால் மிதி மாற்ற வேண்டும், கைவந்த பழக்கம் அது. வலது கால் ஏறத் துடித்தது. அவன் இப்போதுதான் முதல் டின்னை இழுக்கிறான். வேறு வழியில்லை, புடவையை அகலமாக்கினேன். பன்னிரண்டாவது பூ. பதின்மூன்று. இரண்டாவது டின். பதினைந்து, பதினாறு. மூன்றாவது டின். பதினெட்டுப் பூ அகலத்துக்கு ஒரு புடவையைக் கட்டுவதற்குத் தென்னைமர உயரத்தில் ஒருத்திதான் பிறந்து வர வேண்டும். வரட்டும், நான் நெய்கிறேன். தபால் மூட்டை போனது. அவன் கடிதக் கட்டை உள்ளே எறிந்தான். கதவைச் சாத்தினான். இரண்டடி பின்னால் போய், குழியில் இறங்காமல், அதன் விளிம்பிலேயே நின்றபடி கையைத் தூக்கினான்.

நான் எழும்பினேன்.

தளத்தில் இறங்கி, விசிறி நின்று, சத்தம் அடங்கியபிறகு கமாண்டர் சொன்னார். "இரண்டு தடவை ஆடியது."

"ஆமாம் சார்."

"பிறகு?"

"பிறகு பூ போட்டேன் சார்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். டாக்டரிடம் மறுபடி அனுப்பலாமா என்று யோசித்திருப்பார். பதிவேட்டை முழங்கால்மேல் வைத்து எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார். நானும் இறங்கினேன். கெட்டியான தரையில் நின்றதும் இரண்டு காலும் நெய்ய ஆரம்பித்துவிட்டன. இடது வலது இடது வலது, இரண்டரை முழமாவது இருக்கும். அவர் பூட்ஸைப் பார்த்தார்.

"தரையில் ஆட்டிக்கொள்" என்றார். "அவன் வெளியே வந்தான். அதைத்தான்..." நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் கரும்பலகையில் மறுநாள் பட்டியலை எழுதியிருந்தார்கள். டீ டம்ளரோடு போய்ப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே அதே திட்டு, அதுவும் ஒரு தடவை இல்லை, மூன்று நடை. தெள்ளார்க்காரர் கையில் எண்ணெய்த் துணியோடு பக்கத்தில் வந்து நின்று பலகையைப் படித்தார்.

"மூணு நடையா? இன்னா சார், சந்தோசந்தான?"

"பயமா கீதுண்ணே."

"அதான பாத்தேன். எங்க பயம் போயிடுச்சோன்னு நானே பயந்துட்டேன்." பாக்கெட்டிலிருந்து தேய்ந்த ரப்பர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "புதுசு போட்டுட்டேன். போய்ப் படுங்க, காலைல ஜல்தி ஏந்திருக்கணும்."